நெசவாளர் வீட்டில் ஒரு மணி நேரம்: பத்திரிகைக்கு எப்படிப் படம் எடுப்பது?

கேள்வி: இதுவரை கல்யாண போட்டோதான் எடுத்திருக்கிறேன். முதல் தடவையாக ஒரு மாத இதழுக்காகக் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளரை எடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே தறி, இருட்டான அறை, ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எதில் கவனம் வைப்பது?

பதில்: முதலில் கட்டுரையை வாங்கிப் படியுங்கள். இன்னும் எழுதவில்லை என்றால் எழுதப்போகிறவருக்குப் போன் போட்டு, எதைப் பற்றி எழுதுகிறார் என்று கேளுங்கள். கல்யாணத்தில் நடப்பதையெல்லாம் எடுத்தாக வேண்டும். இங்கே, கட்டுரை கூலியைப் பற்றியா, கோர்வைக்குத் துணையாள் கிடைக்காததைப் பற்றியா என்பதைப் பொறுத்து நீங்கள் தேடவேண்டிய படமே மாறிவிடும். கோர்வையில் புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) நெய்து இணைப்பார்கள், அதற்குத் தறியில் இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கிறதா? எனக்கு அதுதான் படம், நெசவாளர் சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தைவிட.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆர்னால்ட் நியூமன் 1946இல் எடுத்த இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தைத் தேடிப் பாருங்கள். பியானோவின் திறந்த மூடிதான் ஃப்ரேமை அடைத்து நிற்கும், மனிதர் இடது கீழ் மூலையில் சின்னதாக இருப்பார். எடுக்கச் சொன்ன ஹார்பர்ஸ் பஜார் இதழ் அதை வேண்டாம் என்றுவிட்டது, இன்று நியூமன் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருவது அந்தப் படம்தான். அதனால் எடிட்டர் கேட்டதையும் எடுங்கள், உங்களுக்குப் பட்டதையும் எடுங்கள்.

போனதும் கேமராவை வெளியே எடுக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். தரையில்தான். குழித்தறியில் அவர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பார், நீங்கள் நின்றுகொண்டு எடுத்தால் அவரை மேலிருந்து பார்க்கிற படமாகத்தான் வரும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றால் தடுக்காதீர்கள், தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்பதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் ஓடாத தறியில் உட்காரவைத்து நெய்வதுபோல் நடிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். தறியில் பாவு (நீளவாக்கில் கட்டும் நூல்) இல்லை என்றால் அதுதான் செய்தி.

அப்புறம் வெளிச்சம். ட்யூப் லைட்டும் வாசல் வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் பச்சை அடிக்கும், பட்டின் நிறமும் கெட்டுவிடும், அவர் நாட்கணக்கில் பார்த்துப் பார்த்து நெய்த நிறம் அது. போர்ட்ரெய்ட் எடுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் ட்யூபை அணைக்கச் சொல்லி வாசல் பக்கம் திருப்பி உட்காரவையுங்கள். நெய்யும்போது அணைக்க முடியாது, இழை தெரியாது. அப்போது ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும், அதைவிட வேகமாகப் போனால் படத்தில் பட்டை விழலாம். நாடா தள்ளும் கை கொஞ்சம் கலங்கும், கலங்கட்டும். ஃபிளாஷை மட்டும் நேராக அடிக்காதீர்கள், ஜரிகை வெளுத்துப்போகும்.

ஒரே காட்சியை நெட்டுக்கும் குறுக்குக்கும் எடுத்துவையுங்கள். இரண்டு பக்கத்துக்கு விரியும் படம் என்றால் நடுவில் முகம் வேண்டாம். நான் நடுவில் வைத்த ஒரு முகம் மடிப்பில் பாதி காணாமல் போய், அந்த அம்மாவிடம் இதழைக் கொடுக்கவே சங்கடமாக இருந்தது. தலைப்புக்கு ஒரு பக்கம் வெற்றிடமும் விடுங்கள், வெறும் சுவர் போதும்.

கிளம்புவதற்கு முன் அவர் பெயரை அவர் எழுதும் விதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், படக்குறிப்புக்கு வேண்டும்.

இன்னொன்று, இதைப் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். எனவே ‘பதிப்புரிமை என்னிடமே இருக்கும், இதழுக்கு ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டும்’ என்று மின்னஞ்சலில் எழுதி, அவர்கள் சம்மதத்தையும் எழுத்திலேயே வாங்கிவிட்டு பஸ் ஏறுங்கள்.