டெகெடெகே முதல் நித்தியகல்யாணி வரை: கேள்வி பதில்

திருச்சி வாசகர்: ஆப்பிரிக்காவில் மக்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் மந்திரவாதியிடம்தான் போவார்களாமே?

எந்த நாட்டில்? அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. நாட்டைச் சொல்லிக் கேளுங்கள். தான்சானியாவில் குழந்தைக்குத் திடீரென வலிப்பு வந்து, கண் செருகி, உடம்பு விறைத்தால் 'டெகெடெகே' என்பார்கள். டாக்டர் கணக்கில் அது பெரும்பாலும் மலேரியா. அந்த நேரத்தில் ஊசி போட்டால் பிள்ளை பிழைக்காது என்ற பயம் பல தாய்மாருக்கு உண்டு. அதனால் முதலில் 'ம்கங்கா' என்னும் நாட்டு வைத்தியரிடம் ஓடுவார்கள். அவர் புகை போட்டு, மூலிகைத் தண்ணீர் ஊற்றி, வலிப்பு அடங்கியதும் அதே தாய் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவாள். வெறும் காய்ச்சல் என்றால் முதலிலேயே மாத்திரைதான். மானிடவியலாளர்கள் இரண்டு இடத்திலும் உட்கார்ந்து பார்த்ததால்தான் இது தெரிந்தது. 'ஏன் அங்கே போனாய்' என்று நர்ஸ் அதட்டினால், வைத்தியர் என்ன மருந்து கொடுத்தார் என்பதைத் தாய் மறைத்துவிடுவாள். டாக்டருக்குத் தேவையானதே அந்த விவரம்தான்.

கொழும்பு வாசகி: அரசு அந்த வைத்தியர்களை ஏற்கிறதா?

1974-இல் தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில், முஹிம்பிலி ஆஸ்பத்திரி வளாகத்தில் நாட்டு மருத்துவத்துக்கு ஆய்வுப் பிரிவு தொடங்கினார்கள். 2002-இல் நாட்டு வைத்தியத்துக்கென்று சட்டமும் வந்தது. ஆனால் ஆய்வுக்கூடம் செடியைத்தான் உள்ளே அழைத்தது, வைத்தியரை வாசலிலேயே நிறுத்தியது. எனக்கு இதில் தீராத வருத்தம்.

சேலம் வாசகர்: லோலியொண்டோ தாத்தாவின் கஷாயம் எய்ட்சைக் குணமாக்கியதா?

இல்லை. 2011-இல் தான்சானியாவின் லோலியொண்டோ பகுதியில், சமுங்கே கிராமத்தில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் அந்தக் கஷாயத்தைக் கோப்பை 500 ஷில்லிங்குக்குக் கொடுத்தார். அவரைத்தான் 'தாத்தா' என்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் நின்றன. அதை நம்பி எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. எந்தக் கஷாயத்துக்காகவும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஈரோடு வாசகர்: அதே கஷாயம் சர்க்கரை நோய்க்கு?

மேலே சொன்ன பதிலேதான்.

மதுரை வாசகர்: நித்தியகல்யாணி நம் செடி. வெள்ளைக்காரன் திருடிப் புற்றுநோய் மருந்து செய்தான்!

பெங்களூரு வாசகி: நம் செடியா? மடகாஸ்கருடையது. பணம் அவர்களுக்கே சேர வேண்டும்.

பிறப்பிடம் மடகாஸ்கர்தான், சந்தேகமில்லை. ஆனால் 1950-களில் கனடா ஆய்வாளர்களுக்கு இலை போனது ஜமைக்காவிலிருந்து. அங்கே சர்க்கரை நோய்க்கு அதைக் காய்ச்சிக் குடித்தார்கள். எலிகளில் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதிலிருந்து வந்தது வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து. அப்படியானால் பங்கு யாருக்கு? தென்னாப்பிரிக்காவில் பசியடக்கும் ஹூடியா என்னும் செடிக்குச் சான் பழங்குடி மக்கள் உரிமை கேட்டு, 2003-இல் ஒப்பந்தம் வாங்கினார்கள். நித்தியகல்யாணிக்கு அப்படிக் கேட்க அன்று சட்டமே இல்லை.

மதுரை வாசகர்: எங்கள் பாட்டியும் காய்ச்சினாரே!

காய்ச்சியிருப்பார். பல ஊர்ப் பாட்டிகளும் காய்ச்சினார்கள். அதனால்தான் ஒரு நாட்டுக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியவில்லை.

நாகர்கோவில் வாசகர்: தினம் எத்தனை இலை சாப்பிடலாம்?

ஒன்றுகூட வேண்டாம். அது நச்சுச் செடி.