வாசகர் கேள்வி பதில்: வகுப்புக்கு அனுப்பாமலே ஜப்பானிய மொழி

கேள்வி: பாயான் லெப்பாசில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு ஜப்பானிய மொழி கற்க ஆசை. வகுப்புக்கு மாதம் இருநூறு வெள்ளிக்குமேல் கேட்கிறார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கு வழியில்லை. பெற்றோரான எங்கள் இருவருக்கும் அம்மொழி தெரியாது. குறைந்த செலவில் வீட்டிலேயே தொடங்க இயலுமா?
– ஒரு வாசகி, ஜெலுத்தோங்

பதில்: இயலும். பணம் இருந்தாலும் முதல் ஆறு மாதங்களுக்கு வகுப்பு வேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் கட்டத்தில் கற்க வேண்டியவை எழுத்தும் ஒலியும் சில அன்றாடச் சொற்களும்தாம். தமிழ் நெடுங்கணக்கு தெரிந்த பிள்ளைக்கு அவற்றில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஹிரகானா எனப்படும் அடிப்படை எழுத்துகள் 46. அவற்றின் உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. நம் குறில்கள் ஐந்தும் அதே ஒழுங்கில் நிற்கின்றன. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் அட்டவணையில் ங, ஞ, ட, ண, ல முதலியவற்றை நீக்கிவிட்டு, ‘ப’ இருந்த இடத்தில் ‘ஹ’வை வைத்துப் பாருங்கள், இதுதான் கிடைக்கும். (அந்த ‘ஹ’ வரிசை முற்காலத்தில் ‘ப’ என்றே ஒலித்தது, இன்றும் அவ்வெழுத்தின் மேல்மூலையில் சிறு வட்டமிட்டால் ‘ப’ ஆகிவிடும்.) புத்த சமயத்தோடு ஜப்பானுக்குச் சென்ற இந்திய ஒலியியல் மரபு அங்கே விட்டுவந்த தடம் இது. ஆகவே, உயிர்மெய் அட்டவணையைப் போலவே மேலே ஐந்து உயிர், பக்கத்தில் மெய் என்று கட்டம் போட்டு, சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எழுதுவதற்குச் சீனப்பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பெரிய கட்ட நோட்டு ஒன்று போதும். எழுதுபொருள் கடையில் ஓரிரு வெள்ளிக்குள் கிடைக்கும். மூன்று நாளைக்கு ஒரு வரிசை, நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சுமார் ஒரு மாதத்தில் முதல் சுற்று முடிந்துவிடும். ‘கு’ திறந்த பறவை அலகு, ‘ஷி’ தூண்டில் முள், ‘ஹெ’ சிறு மேடு என்று பிள்ளையே உருவம் கண்டுபிடிக்கட்டும். ‘ச’வும் ‘கி’யும் ஒரே ஒரு கோட்டால்தான் வேறுபடுகின்றன, ‘நெ’, ‘ரெ’, ‘வ’ மூன்றுக்கும் இடப்பக்கம் ஒன்றுபோலவே இருக்கும். தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் வரும் என்பதால், அவற்றை வெவ்வேறு வாரங்களில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். எந்தக் கோடு முதலில், எந்தத் திசையில் என்பதற்கு விதி உண்டு. அதைத் தொடக்கத்திலேயே கடைப்பிடிக்காவிட்டால் பின்னர் திருத்துவது கடினம்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள்: எழுத்து வரும்வரை தமிழில் எழுதிப் படிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சாவிக்கும், சந்தையில் விற்கும் பெர்சிமன் பழத்துக்கும் ஜப்பானியத்தில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘ககி’தான், காதில் விழும்போதோ இரண்டாம் எழுத்து ஒன்றில் வல்லோசையாகவும் மற்றதில் மெல்லோசையாகவும் இருக்கும். ஜப்பானியர் இந்த வேறுபாட்டை எழுத்தின் மூலையில் இரு சிறு கீற்றுகள் இட்டுக் காட்டுகிறார்கள். (இந்தப் பத்தியில் நானே அந்தத் தவற்றைச் செய்கிறேன், அச்சுக்கு வேறு வழியில்லை.) குறில் நெடிலில் உங்கள் மகளுக்குச் சிக்கல் இராது: ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி.

ஒலிக்கு நீங்கள் ஆசிரியராக வேண்டியதில்லை. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே, தன் உலகச் சேவையின் இணையப் பக்கத்தில் எளிய ஜப்பானியப் பாடங்களை இலவசமாக வழங்குகிறது. தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் இந்தோனேசிய மொழியிலும் உள்ளன. ஜப்பான் அறக்கட்டளை உருவாக்கிய ஹிரகானா நினைவுக்குறிப்புச் செயலியும், எரின் என்ற மாணவியைச் சுற்றி அமைந்த காணொளிப் பாடங்களும் கட்டணமற்றவை. எழுத்து வந்தபின் ‘தடோக்கு’ என்ற பெயரில் இயங்கலையில் கிடைக்கும் இலவசப் படிநிலைக் கதைகளைக் கொடுங்கள். முதல் படியில் பக்கத்துக்குப் படமும் ஓரிரு வரிகளும்தான் இருக்கும். கோலாலம்பூர் மிட் வேலிப் பக்கம் வர நேர்ந்தால், அங்குள்ள ஜப்பான் அறக்கட்டளை நூலகத்துக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள்.

பேச்சை வாசற்படியில் தொடங்கலாம். பள்ளிக்குக் கிளம்பும்போது நம் பிள்ளைகள் ‘போகிறேன்’ என்றால் பாட்டி அதட்டுவார். ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பிள்ளை சொல்லும் ‘இத்தெகிமஸ்’ என்பதற்கும் சொல்லுக்குச் சொல் அதே பொருள். வீட்டார் ‘இத்தெரஷ்ஷாய்’ என்று விடை கொடுப்பார்கள். வாக்கிய அமைப்பும் நமக்குப் பழகியதே: ‘கக்கோ நி இகிமஸ்’ என்பதில் ‘கக்கோ’ பள்ளி, ‘நி’ நம் நான்காம் வேற்றுமை ‘கு’, இறுதியில் வினைச்சொல். மலாயிலும் ஆங்கிலத்திலும் தலைகீழாக்கிக் கொள்ள வேண்டியிருக்கும் வாக்கியம் இங்கே அப்படியே நிற்கிறது.

பேசிப் பழகத் துணை தேவைப்படும் கட்டம் வரும்போது மட்டும் பணத்தைச் செலவிடுங்கள். அதற்குமுன், தொழிற்சாலையில் ஜப்பானியர் யாரேனும் இருந்தால் மகள் எழுதிய பக்கத்தைக் காட்டிப் பாருங்கள். எழுத்தைத் திருத்தித்தர மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: என் மகன் ஜப்பானியக் கார்ட்டூன்களைப் பார்த்தே பல சொற்கள் பேசுகிறான். இதுவே போதாதா? தேர்வு எழுத வைக்கலாமா?
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: காது பழகுவதற்குப் போதும், பேசுவதற்குப் போதாது. சண்டைக் கதாநாயகர்கள் தங்களைக் குறிக்கச் சொல்லும் ‘ஒரெ’ என்பது ஆண்கள் நண்பர்களிடம் பேசும் முரட்டுச் சொல்; ஆசிரியரிடம் அப்படிப் பேசினால் மரியாதைக் குறைவு. பாடங்களில் வரும் ‘தெஸ்’, ‘மஸ்’ என்று முடியும் மரியாதை வடிவங்களை முதலில் கற்கட்டும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள் உள்ளன. தொடக்க நிலையான ‘என்5’க்கே சீனத்திலிருந்து வந்த ‘கஞ்சி’ எழுத்துகளில் சுமார் நூறு தெரிந்திருப்பது நல்லது. ஜப்பானில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஓராண்டு முழுவதும் கற்பதே 80 கஞ்சிதான் என்பதால், தேர்வுக் கட்டணத்தை இப்போதைக்குச் சேமித்து வையுங்கள்.