முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்

அன்பின் அக்கா,

ஒளிப்படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் 'முகத்தை மெருகூட்டிய படம் பொய்ப்படம்' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் சண்டையே வந்துவிட்டது. போன வருடம் தங்கையின் சாமத்தியவீட்டு ஆல்பம் வந்தபோது அம்மா சந்தோஷத்தில் அழுதார். அதில் தங்கையின் முகம் வெளிறிப்போய் இருக்கிறது. புருவத்துக்கு மேலே இருந்த கொப்பளிப்பான் தழும்பைக் காணவில்லை. நிறைகுடத்தைப் பிடித்திருக்கும் கை மட்டும்தான் அவளுடைய நிறத்தில் இருக்கிறது. இப்போது பில்டர் போடாமல் அவளை ஒருவரும் படமெடுக்க முடியாது. மூக்குப் பெரிசு, நிறம் மட்டு என்கிறாள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கமராவைக் குறை சொல்லலாமா?

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்பின் சகோதரிக்கு,

முதலில் என் வசனத்தைத் திருத்த வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அப்பாச்சியின் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது உடுப்புப் பையையும் காணி உறுதியையும் எடுத்தோம், ஆல்பங்களை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அவை இல்லை. அப்பாச்சி செத்த வீட்டில் பெருப்பிக்க எங்களிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். ரவுனில் ஒரு ஸ்ரூடியோக்காரர் அந்த முகத்தை எடுத்து, யாரோ ஒருவரின் மெரூன் காஞ்சிபுரச் சேலையில் ஒட்டித் தந்தார். கழுத்தில் ஒட்டிய கோடு இன்றைக்கும் தெரியும். அப்பாச்சி வாழ்நாளில் அப்படி ஒரு சேலை கட்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பொய் என்று எனக்குச் சொல்ல வராது. தோடு போட்டுப் போட்டு இழுபட்ட காதும், வெயிலில் கறுத்த நெற்றியும், வாயோரச் சுருக்கமும் அப்படியே இருக்கின்றன. அந்த மனிதர் அவவுக்கு இல்லாத ஒன்றைக் கொடுத்தார். அவவிடம் இருந்ததில் கை வைக்கவில்லை.

உங்கள் தங்கையின் ஆல்பத்தில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. நகையும் சேலையும் அவளுடையவை, முகத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். அவளும் இப்போது அந்த ஆல்ப முகத்தை வைத்துத்தான் தன்னை அளக்கிறாள். மெருகூட்டுவதெல்லாம் பொய் என்று பொதுவாக எழுதியது என் பிழை. எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று ஒவ்வொரு படமாகக் கேட்டிருக்க வேண்டும்.

இனிக் கமராவுக்கு வருவோம். அதற்கும் இதில் பங்கு உண்டு. தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டுதான் கமராவின் ஒளிமானி கணக்குப் போடும். மணவறைக்குப் பின்னால் வெள்ளைத் துணிச் சோடனை என்றால் அந்த வெள்ளையைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கும். அதோடு பிள்ளையின் முகமும் இருண்டுபோகும். பிறகு கொம்பியூட்டரில் இருந்து முகத்தை மட்டும் தூக்கி வெளுப்பாக்குவார்கள். கையை மறந்துவிடுவார்கள். அவள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. துணியின் நிறத்தையும் வெளிச்சத்தையும் முன்கூட்டியே யோசிக்காததன் விளைவு அது.

இது நேற்றுத் தொடங்கிய கதையும் இல்லை. 1950கள் முதல் கொடாக் நிறுவனம் கலர்ப் படம் கழுவும் இடங்களுக்கு, நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பி வந்தது. ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த தோலின் ஏற்ற இறக்கங்களை அந்தப் படச்சுருள் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. அது திருத்தப்பட்டதற்கு, கறுத்த சொக்கிலேற்றுக்கும் மரத் தளபாடங்களுக்கும் விளம்பரப் படம் எடுத்தவர்களின் முறைப்பாடு ஒரு முக்கியமான காரணம். மனிதருக்காக முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

கறுத்த தோலைப் படம்பிடிக்க முடியாது என்று யாரும் சொன்னால் லயனல் வென்ட்டைக் காட்டுங்கள். 1944இல் காலமான கொழும்பு ஒளிப்படக்காரர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கறுத்த முதுகும் தோளும் எப்படி மினுங்குகின்றன என்று பாருங்கள். வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து விழ விட்டு, தோலைத் தோலாகவே பார்த்த கண் அது.

மூக்குப் பெரிசு என்கிறாளே, அதற்கும் அவளிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் செல்பியில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 வீதம் கூடித் தெரியும். 5 அடி தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் இல்லாமல் போய்விடும். லென்ஸுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகத் தெரிவது இயல்பு. கையை நீட்டி எடுக்கும் படத்தில் மூக்குத்தான் கிட்ட இருக்கிறது. ஒரு பதினான்கு வயசுப் பிள்ளை அதைப் பார்த்துத் தன் மூக்கை வெறுக்கிறாள் என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். 'பிள்ளை நல்ல பிள்ளை, நிறந்தான் கொஞ்சம் மட்டு' என்பதைக் கலியாணம் பேசுகிற வீடுகளில் எத்தனை தரம் கேட்டிருப்பார். அவர் அழுதது மகளுக்கு அந்தச் சொல் வராது என்ற நிம்மதியில். அந்தச் சொல்லைச் சொன்னவர்களோடுதான் எனக்குக் கோபம். கேட்கும்போதெல்லாம் வாய் திறக்காமல் இருந்த என்னோடும்.

ஒன்று செய்து பாருங்கள். பின்னேரம் நாலரை, ஐந்து மணிக்குத் தங்கையை விறாந்தையில் இருத்துங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம், செவ்வரத்தை வேலி இருந்தால் நல்லது. நீங்கள் 5 அடி தள்ளி நின்று, போன் திரையில் அவளுடைய முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சரிபார்த்து எடுங்கள். சிரிக்கச் சொல்ல வேண்டாம், ஏதாவது கதைத்துக்கொண்டிருங்கள்.

அப்படியே ஆல்பம் செய்தவரிடமும் போய் வாருங்கள். திருத்தாத மூலப் படங்களை அவர் இன்னும் வைத்திருக்கக்கூடும். அழிப்பதற்கு முன்னால் ஒரு பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். தழும்பு தெரிகிற ஒன்றைப் பெரிதாக அடித்து, அம்மா காலையில் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் மாட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா