அந்த பஸ்ல யாரும் பேசல

அக்கா, வணக்கம். திருப்பூர்ல இருந்து எழுதறேன். கூட்டமே இல்லாத, யாருக்கும் தெரியாத சஃபாரி இடமா தேடிட்டு இருக்கோம். உடுமலை-மூணார் ரோட்டுல, கேரளா பக்கம் இருக்கற சின்னார் வனவிலங்கு சரணாலயத்துக்குப் போங்கன்னு ஒருத்தர் சொன்னார். ஜீப் எங்க புக் பண்றது? யானை, புலி உறுதியா பாக்க முடியுமா? போன தடவை வேற ஒரு காட்டுல மூணு மணி நேரம் சுத்தியும் ஒண்ணுமே பாக்கல, காசு வேஸ்ட். என் பொண்ணுக்கு 7 வயசு, அவளும் வர்றா. சத்தம் போட்டா பிரச்சனை ஆகுமா?

தம்பிக்கு,

ஒரு வாரமா நானே இதைத்தான் மனசுல போட்டு உருட்டிட்டு இருக்கேன், அந்த நேரம் பாத்து உங்க கடிதம் வந்துச்சு. யாருக்கும் தெரியாத இடம்னு எழுதியிருக்கீங்க. யாருக்குத் தெரியாது? முதுவர், மலைப்புலையர்னு பழங்குடி ஜனங்க தலைமுறை தலைமுறையா அந்தக் காட்டுக்குள்ள குடியிருக்காங்க. நான் மறையூர்ல பொறந்தவ, மறையூரைச் சுத்தியிருக்கற எங்க அஞ்சுநாட்டு ஊர் ஆளுங்க உடுமலைக்குப் போக வர அதுதான் வழி. உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதுங்க, அது சரி.

ஜீப்பை மறந்துடுங்க, சின்னார்ல நடைதான், கூட வனத்துறை வாட்சர் வருவார். புலியைப் பத்தி நான் பேசப் போறதில்ல.

போன வாரம் சின்னார்ல ஆத்தோரமா நடக்கப் போயிருந்தேன். அங்க நீர்மருது மரங்க ஒண்ணோட ஒண்ணு கிளை கோத்து நிக்கும், சாம்பல் மலையணில் அந்தக் கிளைங்க மேலயேதான் போகும் வரும், தரைக்கு இறங்கறது ரொம்ப அபூர்வம். கிளை எங்கயாவது விட்டுப்போச்சுன்னா அதுக்கு வழியே போச்சு. வாட்சர் மேல கைகாட்டி கூட்டைக் காமிச்சார், நாங்க மூச்சைப் புடிச்சுட்டு நிக்கறோம், பின்னாடி ஒரு கூட்டம் ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுட்டு வருது. நல்லா படிச்ச ஆளுங்க. வாட்சர் கெஞ்சிக் கேட்டதும் சவுண்டைக் கொஞ்சம் கொறைச்சாங்க, நிறுத்தல. அரை மணி நேரம் கழிச்சு அதுல ஒருத்தர் வந்து என்கிட்ட சொல்றார், "இங்க ஒண்ணுமே இல்லீங்க"ன்னு. நீங்க எழுதுன அதே வார்த்தை தம்பி. அதான் எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு.

87, 88 இருக்கும், எனக்கும் அப்ப உங்க பொண்ணு வயசுதான். அம்மா உடுமலை சந்தைக்கு வெல்லம் கொண்டுபோய் வித்துட்டு என்னையும் கூட்டிட்டு சாயங்கால பஸ்ல திரும்பி வர்றாங்க. பஸ் முழுக்க ஆளு, காலடியில மூட்டை, கூடையில கோழி, சந்தை வெலையைப் பத்தி ஒரே சண்டை. சின்னார் தாண்டி ஒரு வளைவுல டிரைவர் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டார். ரோட்டுல யானைங்க, அஞ்சோ ஆறோ, நடுவுல ஒரு குட்டி. யாரும் யாரையும் உஷ்னு சொல்லல தம்பி, ஆனா அத்தனை பேச்சும் அப்படியே நின்னுபோச்சு, கண்டக்டர் விசிலைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டார். முன் சீட்ல ஒரு முதுவர் பாட்டி முதுகுல துணி கட்டி பேரப்பிள்ளையைச் சுமந்துட்டு இருந்துச்சு (மதுரையில இருந்து முதுகுல சுமந்து வந்ததாலதான் முதுவர்னு பேருன்னு அவங்க சொல்வாங்க), அந்தப் பிள்ளை சிணுங்க ஆரம்பிச்சதும் பாட்டி லேசா ஆடுச்சு, அவ்வளவுதான், அடங்கிடுச்சு. அப்பதான் ஒரு உறுமல், காதுல கேக்கறதுக்கு முன்னாடி எனக்கு வயித்துல தெரிஞ்சுது. யானை காது விசிறுற சத்தம், மூங்கிலை முறிக்கிற சத்தம், பக்கத்துல அம்மா மூச்சு விடற சத்தம். எத்தனை நேரம்னு தெரியல, இருட்டிப்போச்சு. அதுங்க இறங்கிப் போனப்பறமும் டிரைவர் உடனே வண்டியை எடுக்கல, குட்டி தாண்டிடுச்சான்னு பாத்துட்டுதான் எடுத்தார். அதுக்கப்பறமும் மறையூர் வர்ற வரைக்கும் எல்லாரும் மெதுவாத்தான் பேசுனாங்க.

அந்த பஸ்ல யாரும் டிக்கெட் காசுக்கு யானை காட்டுன்னு கேக்கல. நீங்க மூணு மணி நேரம் சுத்துனீங்களே, அதுல அஞ்சு நிமிஷம் எஞ்சினை நிறுத்திட்டு சும்மா இருந்தீங்களா? எல்லாரும் வாயைத் தொறக்காம? கோவமாத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

பொண்ணைப் பத்தி பயமே வேண்டாம். பிள்ளைங்க பெரியவங்க மூஞ்சியைப் பாத்துதான் நடந்துக்கும். நீங்க அடங்கி உக்காந்தா அவ உங்களை விட அடக்கமா உக்காருவா. நட்சத்திர ஆமை ஏதாச்சும் கண்ணுல பட்டா, கையில தூக்கக் கூடாதுன்னு மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க.

இது மழை மறைவுக் காடு, மூணார்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டும்போதுகூட இங்க முள்ளுச்செடி காஞ்சு நிக்கும், அதனால தண்ணி நெறைய எடுத்துக்கங்க. கார் வேண்டாம். உடுமலையில மூணார் பஸ் ஏறுங்க, பொண்ணுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுங்க.

அன்புடன்,
அக்கா