வாசகர் கேள்வி-பதில்: மருத்துவமனை வழக்குகளை நடத்தும் வக்கீலாக

கேள்வி: என் மகள் சட்டம் இறுதியாண்டு படிக்கிறாள். வணிக வழக்கு, மருத்துவ வழக்கு இரண்டையும் எடுத்து நடத்த ஆசைப்படுகிறாள். ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நன்றாகவே ஒத்துப்போகும். ஸ்கேன் இயந்திரத்தைக் குத்தகைக்கு எடுப்பதும், மருந்தைக் கடனுக்கு வாங்குவதும், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பில் தொகை வசூலிப்பதும் மருத்துவமனையின் அன்றாட வேலை. இவற்றில் தகராறு வந்தால் பெரும்பாலும் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வந்துவிடும். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட, தகராறின் குறைந்தபட்ச மதிப்பு முதலில் 1 கோடி ரூபாயாக இருந்தது. அதை 2018இல் 3 லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் மாவட்டத் தலைநகரிலேயே வேலை இருக்கிறது.

இங்கே ஜூனியர்கள் சறுக்கும் இடம் அந்தச் சட்டத்தின் பிரிவு 12ஏ. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கை, முன்சமரசத்துக்கு (வழக்குப் போடும் முன் நடக்கும் சமரசப் பேச்சு) போகாமல் தாக்கல் செய்ய முடியாது. அப்படிச் செய்தால் வழக்குரையே (வழக்குத் தொடுப்பவர் தரும் மனு) நிராகரிக்கப்படும் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமரசத்துக்கு 3 மாதம். இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் 2 மாதம். அந்த நாள்கள் காலவரையறைக் கணக்கில் (வழக்குப் போடச் சட்டம் தரும் கெடு) சேராது என்பதால் பயந்து அவசரப்பட வேண்டாம். பிரதிவாதிக்கு ஆஜரானால் நிலைமை வேறு. சம்மன் கிடைத்து 30 நாளில் எதிருரை (பிரதிவாதியின் எழுத்துமூலப் பதில்) தாக்கலாக வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தாலும் 120 நாளோடு சரி, அதன்பின் அந்த உரிமையே போய்விடும். சாதாரண சிவில் வழக்கில் வாய்தா வாங்கிப் பழகிய கை இங்கே உதவாது. கட்சிக்காரர் சம்மனோடு வந்த அன்றே, அது அவர் கைக்கு வந்த தேதியை டைரியில் எழுதிவிட வேண்டும்.

கேள்வி: மருத்துவ அலட்சிய வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது எது?
- இளம் வக்கீல், தஞ்சாவூர்

பதில்: கேஸ் ஷீட், அதாவது சிகிச்சையின்போது மருத்துவமனை எழுதிவரும் முழுப் பதிவு. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் படித்துவிட்டு வழக்குப் போடாதீர்கள். அது சிகிச்சை முடிந்தபின் எழுதப்பட்ட சுருக்கம். முழு ஆவணங்களையும் எழுத்துமூலம் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

கிடைத்ததும் நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துச் சார்ட், டாக்டரின் உத்தரவுத் தாள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மணிவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். இரத்த அழுத்தம் இறங்கியதை நர்ஸ் குறித்த நேரத்துக்கும் டாக்டர் வந்து பார்த்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் பல வழக்குகள் நிற்கின்றன, அல்லது விழுகின்றன. அடித்தல், திருத்தல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே துறை நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். தவறில்லை என்று அவர் காரணத்தோடு சொன்னால், அதை அப்படியே கட்சிக்காரரிடம் சொல்லுங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைத் தோற்கப்போகும் வழக்கில் பல ஆண்டு அலையவிடுவது கொடுமை.

சம்மதப் படிவத்தையும் விடாதீர்கள். சமீரா கோலி வழக்கில் (2008) பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

கேள்வி: 1 கோடி இழப்பீடு கேட்டால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கேட்கும் தொகை கணக்கில்லை, சிகிச்சைக்குச் செலுத்திய தொகைதான் கணக்கு. அது 50 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் மாவட்ட ஆணையம். புகாருக்குக் காலவரையறை 2 ஆண்டு.

கேள்வி: மருத்துவமனையில் சட்ட அதிகாரியாகச் சேர்ந்துகொண்டே நீதிமன்றமும் போகலாமா?
- வாசகி, மதுரை

பதில்: முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் கூடாது. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு மாதக் கட்டணத்தில் வெளி வக்கீலாக இருக்கத் தடையில்லை. முதல் ஐந்து ஆண்டு சீனியரிடம் குறுக்கு விசாரணை பழகிவிட்டுப் போவதே நல்லது என்பேன். சாட்சிக் கூண்டில் டாக்டரைக் கேள்வி கேட்கத் தெரியாதவர் எழுதும் ஒப்பந்தத்தில் ஓட்டை இருக்கும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சேரும்போதே அதைக் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.