பெட்டியில் ‘விபிஎன் உண்டு’ என்றால், எந்த விபிஎன்?

கே: இலவச விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) ஆப் ஒன்று போட்டேன். காண்டாக்ட், எஸ்எம்எஸ் அனுமதி கேட்டது, கொடுத்தேன். அதில் பேங்க் வேலை பார்க்கலாமா?

ப: கூடாது. ஓடிபி வரும் எஸ்எம்எஸ்ஸை யாரென்றே தெரியாதவருக்குத் திறந்து கொடுத்திருக்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் ‘அனுமதி’ அழுத்திவிட்டு அப்புறம் கேட்காதீர்கள். ஆப்பை இப்போதே நீக்கி, பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கே: ‘விபிஎன் சர்வர் வசதி’ என்று ரூ.4,200-க்கு ரவுட்டர் தந்தார்கள். மெனுவில் பிபிடிபி என்ற ஒரு விபிஎன் முறை மட்டும் இருக்கிறது. ஐபோனில் இணைப்பே வரவில்லை. போன் கோளாறு என்கிறார் கடைக்காரர்.

ப: போனில் கோளாறில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பிபிடிபியை ஆப்பிள் 2016-லேயே ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 10-இல் எடுத்துவிட்டது.

எனக்கும் இதே அடி விழுந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பச்சை எழுத்தில் ‘விபிஎன்’ என்றிருந்ததை நம்பி வாங்கினேன். வீட்டில் மெனுவைத் திறந்தால் அதே பிபிடிபி. பெட்டியைப் பிரித்ததால் திருப்பி எடுக்கவில்லை.

விபிஎன் டனல் என்பது ஒரு கவருக்குள் இன்னொரு கவரை வைத்து அனுப்புவது. வெளிக்கவரை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம். ஒட்டும் முறைகள் பல. பிபிடிபி 1990-களின் சரக்கு. அதில் வழக்கமாகப் பயன்படும் பாஸ்வேர்ட் சோதனையை ஒரே நாளில் உடைக்கலாம் என்று 2012-இல் செய்தே காட்டினார்கள். எல்2டிபி தனியாகப் பூட்டே போடாது, கூட ஐபிசெக் என்ற பூட்டு வேண்டும். ஓபன்விபிஎன் 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது, நம்பலாம். வயர்கார்டு சிறியது, வேகமானது. 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. இந்தப் பெயர்களைப் பெட்டியில் அச்சிட ஒரு வரி போதும். அதைக்கூடச் செய்யாமல் விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பில்லையும் மெனுவின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

கே: ஒரு விபிஎன்னுக்கு ‘ஆயுள் சந்தா’ என்று ரூ.2,500 கட்டினேன். பதினோரு மாதத்தில் கம்பெனியே காணோம். ஓய்வூதியப் பணம் ஐயா.

ப: மனசு கனக்கிறது. தவறு உங்களுடையதல்ல. கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். அதற்கு நாள் கணக்கு உண்டு. சர்வருக்கு மாதாமாதம் செலவாகும்போது ஆயுள் முழுக்க ஒரே தொகை என்பது நடக்கிற காரியமல்ல. இனி மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள்.

கே: ஓபன்விபிஎன்னில் ஆபீஸ் ஃபைல் இறக்கினால் திணறுகிறது. செட்டிங்கில் டிசிபி 443 என்றிருக்கிறது. விலை கூடிய பிளான் வாங்கட்டுமா?

ப: வேண்டாம். டிசிபி என்பது ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது தரவுத் துண்டும், போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் முறை; 443 அது நுழையும் கதவு எண். யுடிபி அப்படிச் சரிபார்க்காமல் அனுப்பும். சர்வரில் யுடிபியும் திறந்திருக்கிறதா என்று ஆபீஸில் கேட்டு, அதற்கு மாற்றுங்கள். உங்கள் ஃபைல் இறங்குவதும் பெரும்பாலும் டிசிபியில்தான். டிசிபிக்குள் டிசிபி ஓடினால், ஒரு பாக்கெட் தொலைந்ததும் இரண்டும் தனித்தனியாகத் திரும்ப அனுப்பி வரிசை தேங்கிவிடும். யுடிபியை அடைத்து வைத்திருக்கும் ஹோட்டல் வைஃபையில் மட்டும் 443-க்குத் திரும்புங்கள்.