லேன் கார்டு டிரைவர் வேலைக்கு மியூனிக் வரும் தம்பிக்கு

தம்பி, லினக்ஸ் லேன் கார்டு டிரைவரில் இன்டரப்ட் பகுதியை, அதாவது கார்டு சிபியூவைக் கூப்பிடும் சிக்னலைக் கவனிக்கும் பகுதியை, பராமரிக்கும் வேலைக்கு மியூனிக் வருவதாகச் சொல்லி, வீடு, குளிர், மொழி, வேலை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிந்துவிடுங்கள். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள். மற்றதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர் தலையில் பழைய டிரைவரைத்தான் கட்டுவார்கள். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லரில் கார்டின் இன்டரப்டை மாஸ்க் செய்து (தற்காலிகமாக மூடி), பாக்கெட்டுகளைத் தொகுப்பாக எடுக்க லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கும் ஏற்பாடான நாப்பியை (NAPI) எழுப்பிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வந்த பாக்கெட்டை அள்ளுவது, நாப்பி கூப்பிடும் poll ஃபங்ஷனின் வேலை. அதற்கு ஒரு சுற்றின் பட்ஜெட், அதாவது அள்ளும் வரம்பு, வழக்கமாக 64 பாக்கெட். முழுதாக 64 அள்ளினால் இன்டரப்டைத் திறக்கவே கூடாது, கெர்னல் மறுபடி கூப்பிடும். குறைந்தால்தான் முடித்துவிட்டுத் திறக்கலாம். இந்த இடத்தில் கைவைத்து, பிங் போகிறது, சரி என்று பேட்ச் அனுப்பும் நம்மவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். லோடு ஏறி நெட்வொர்க் தொங்கும்போது அவர்கள் அடுத்த கம்பெனியில் இருப்பார்கள்.

இங்கே மெஷின் கம்பெனிகள், குறித்த நேரத்துக்குள் பதில் தரும் ரியல்டைம் கெர்னல் கேட்பார்கள். லினக்ஸை அப்படி ஆக்கும் பிரீஎம்ப்ட் ஆர்டி (PREEMPT_RT) 2024-இல் லினக்ஸ் 6.12-உடன் மெயின்லைனுக்கே, அதாவது அதிகாரபூர்வக் கெர்னலுக்கே, வந்துவிட்டது. அதில் உங்கள் ஹேண்ட்லர் பெரும்பாலும் த்ரெட்டாக, அதாவது மற்ற வேலைகளைப் போல் முறை வைத்து, ஓடும், அதையும் போட்டுச் சோதியுங்கள்.

நான் வந்த குளிர்காலத்தில் ஒரு பழைய இண்டஸ்ட்ரியல் பிசியைக் கொடுத்தார்கள். லேன் கார்டும் இன்னொரு கார்டும் ஒரே இன்டரப்ட் லைனில். முன்பு இருந்த புண்ணியவான் எழுதிய ஹேண்ட்லர், இன்டரப்ட் தன் கார்டுடையதா என்று காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் பார்க்காமலே வருகிற இன்டரப்டை எல்லாம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காவிட்டால் கெர்னலே லைனை மூடிவிட்டு லாகில் புலம்பும். இந்த ஹேண்ட்லர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதால் அந்தக் காவலும் போச்சு. மற்ற கார்டு லைனை விடாமல் பிடித்துக்கொள்ள, மெஷின் அப்படியே உறைந்துவிடும். சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் லேப் காலி. ஹீட்டரையும் குறைத்துவிடுவார்கள். கோட்டோடு உட்கார்ந்து தேடினேன். கண்டுபிடித்து, யார் மனதும் நோகாமல் ரிவ்யூவில் சுற்றி வளைத்து எழுதினால், "எது தப்பு, நேராகச் சொல்" என்றார் ஜெர்மன்காரர். இப்போது என் ரிவ்யூவைப் பார்த்து அவர்களே முகம் சுளிக்கிறார்கள்!

லைனுக்குப் பதிலாகச் செய்தியாக இன்டரப்ட் அனுப்பும் எம்எஸ்ஐ-எக்ஸ் (MSI-X) இருந்தால் ஒவ்வொரு பாக்கெட் க்யூவுக்கும் ஒரு வெக்டர், அதாவது தனி இன்டரப்ட், தரலாம், இந்தப் பங்காளிச் சண்டை இல்லை. எந்தச் சிப் என்று எழுதுங்கள். சிப்பில் உள்ள தெரிந்த பிழைகளின் பட்டியலான எர்ராட்டா ஷீட்டை முதல் நாளே கேளுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார்கள்.